கொத்துவது யார்? ‘ஹேக்கிங்’ என்ற சொல்லின் பொருளும் புழக்கமும்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் மாவு அரைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரத்தில், ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். “தம்பி, என் வாட்ஸ்ஆப்ப எவனோ ஹேக் பண்ணிட்டான். என் பேர்ல எல்லாருக்கும் அஞ்சாயிரம் அனுப்பு, பத்தாயிரம் அனுப்புன்னு மெசேஜ் போய்னே இருக்குது” என்றார். அவர் நின்ற இடத்துக்கு எதிரே இருந்த மின்பெட்டியில் எத்திக்கல் ஹேக்கிங், அதாவது அனுமதி பெற்றுக் கணினிப் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலைக்கான பயிற்சி வகுப்புச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அவருடைய மகள் அந்த வாரம்தான் கல்லூரியில் ஹேக்கத்தான் என்ற நிரல் எழுதும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஒரே சொல், தாய்க்குத் திருட்டாகவும் மகளுக்குத் திறமையாகவும் இருந்தது. இதை வெறும் சொற்குழப்பம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தனக்கு என்ன நடந்தது என்பதை அந்த அக்கா தானே அறிந்துகொள்ள முடியாதபடி மறைத்து நின்றது இந்தச் சொல்தான்.

‘ஹேக்’ என்பதன் அடிப்பொருளுக்கும் கணினிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு, ஒன்றின்மேல் ஓங்கி ஓங்கிப் பலமுறை வெட்டுவது என்று பொருள். விடாமல் வரும் வறட்டு இருமலுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்லைத்தான் அடைமொழியாக வைத்திருக்கிறார்கள். தமிழில் இதற்கு மிக அருகில் நிற்பது ‘கொத்து’ என்ற வினை. களை கொத்துகிறோம், கறியைக் கொத்துகிறோம், பரோட்டாவைக் கல்லில் போட்டுக் கொத்துகிறோம். வீடு கட்டுபவரைக் கொத்தனார் என்கிறோம். பாம்பு கடித்தாலும் கொத்திவிட்டது என்றே சொல்கிறோம். கட்டுபவருக்கும் கடிப்பதற்கும் ஒரே வினையைத் தமிழ் வெகுகாலமாக வைத்திருக்கிறது. ஆனால் யார் கொத்தினார், எதைக் கொத்தினார் என்பதைச் சேர்த்தே சொல்வதால் நமக்கு அதில் குழப்பம் வந்ததில்லை.

என் சிறு வயதில் ‘அம்மி கொத்தலையோ அம்மி’ என்று குரல் கொடுத்துக்கொண்டு தெருவில் ஒருவர் வருவார். தேய்ந்து வழவழப்பாகிப்போன அம்மியைத் திண்ணையோரம் இறக்கி வைத்தால், சிற்றுளியைச் சாய்த்துப் பிடித்து, சுத்தியலால் தட்டித் தட்டி, கல்லின் முகம் முழுவதும் சிறு சிறு பள்ளங்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார். கல் பொடி அவர் இமைமேல் படிந்திருக்கும். அரைமணி நேரத்தில், மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடிய அதே அம்மி மறுபடியும் அரைக்கும் கல்லாகிவிடும். கல்லை அவர் மாற்றவில்லை. அதன் குணம் எங்கே கெட்டிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அங்கே கைவைத்தார். கணினித் துறையில் ‘ஹேக்’ என்ற சொல் முதலில் பிடித்துக்கொண்ட பொருளுக்கு இந்தக் காட்சி வெகு அருகில் வருகிறது.

அந்தப் பொருள் பிறந்த இடம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நம் குரோம்பேட்டையில் இருப்பது அன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். அங்கே 1946-இல் தொடங்கப்பட்ட மாதிரி ரயில் மன்றம் ஒன்று உண்டு. மேசைமேல் ஓடும் பொம்மை ரயில்களை இயக்க, மாணவர்கள் அந்த மேசைக்கு அடியில் தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்களையும் சுவிட்சுகளையும் கம்பிகளையும் இணைத்துப் பெரியதொரு கட்டுப்பாட்டு அமைப்பையே உருவாக்கியிருந்தார்கள். அம்மன்றத்தின் 1955 ஏப்ரல் மாதக் கூட்டக் குறிப்பில், மின் அமைப்பில் வேலை செய்பவர்களோ ‘ஹேக்’ செய்பவர்களோ ஃப்யூஸ் போகாமலிருக்க மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும் என்ற வேண்டுகோள் பதிவாகியிருக்கிறது. நமக்குத் தெரிந்த தொழில்நுட்பப் பொருளில் இந்தச் சொல் எழுத்தில் இடம்பெற்ற மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. (அதே ஆண்டு அக்டோபர் 2 அன்றுதான் நம் பெரம்பூரில் ஐ.சி.எப். ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கி வைக்கப்பட்டது. அங்கே ரயில் செய்ததற்கும் இங்கே ரயில் செய்ததற்கும் அளவில்தான் வேறுபாடு என்று நினைத்துக்கொள்வேன்.)

அந்தக் குறிப்பில் ‘வேலை செய்வது’ வேறாகவும் ‘ஹேக் செய்வது’ வேறாகவும் நிற்பதைக் கவனிக்க வேண்டும். வேலை என்பது யாரோ சொல்லி, ஒரு பயனுக்காகச் செய்வது. ஹேக் என்பது யாரும் சொல்லாமல், இது எப்படி ஓடுகிறது, இன்னும் எப்படி ஓட வைக்கலாம் என்ற அரிப்பினால் செய்வது. மன்றத்து உறுப்பினர் பீட்டர் சாம்சன் 1959-இல் தொகுத்த சொற்பட்டியலில், ஆக்கப்பூர்வமான நோக்கம் எதுவும் இல்லாமல் செய்யப்பட்ட ஒன்று என்றுதான் ‘ஹேக்’ விளக்கப்பட்டது. இந்த மாணவர்களில் சிலர் பின்னர் எம்.ஐ.டி.யில் இருந்த தொடக்ககாலக் கணினிகளை நோக்கி நகர்ந்தபோது, மேசைக்கடியில் பழகிய சொல்லும் அவர்களோடு நிரல் எழுதும் அறைக்குள் போயிற்று.

இந்தப் பொருளை நம் ஊரில் ஒருவருக்குக் காட்ட வேண்டுமானால், விடியற்காலையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு அழைத்துப் போவேன். அங்கே நிற்கும் மீன்பாடி வண்டியை உற்றுப் பார்க்க வேண்டும். முன்னால் இரண்டு சக்கரம், அவற்றின்மேல் பலகைத் தட்டு, பின்னால் ஒரு சக்கரம். காலால் மிதித்து ஓட்டுவதற்கென்று செய்யப்பட்ட சரக்கு ரிக்‌ஷா அது. கழித்துக்கட்டிய மோட்டார் சைக்கிளின் என்ஜினை எடுத்து, இருக்கையை ஒட்டி இரும்புச் சட்டத்தில் முடுக்கி, பின்சக்கரத்துக்குச் சங்கிலி பூட்டி, ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்படி செய்துவிட்டார்கள். அந்த என்ஜினைச் செய்த கம்பெனியும் ரிக்‌ஷாவைச் செய்த பட்டறையும் இப்படியொரு வண்டியை நினைத்துப் பார்த்திருக்காது. ஒரு பொருளை, அதைச் செய்தவர் எண்ணாத வழியில், அதன் உள்ளியல்பை அறிந்து வேலை வாங்குவது: ஹேக் என்பதன் இலக்கணம் இதுவே. இதைச் செய்த பட்டறைக்காரர் பொறியியல் படித்தவர் அல்லர். எந்தப் பல்சக்கரத்துக்கு எத்தனை பல் இருந்தால் பாரத்தோடு இழுக்கும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

ஆனால் இதே வண்டி இன்னொன்றையும் காட்டுகிறது. அதற்குப் பதிவு எண் கிடையாது, காப்பீடு கிடையாது; மோட்டார் வாகனச் சட்டப்படி அது சாலையில் ஓடக் கூடாது. அது யார்மீதாவது மோதினால் அடிபட்டவருக்கு இழப்பீடு கேட்க வழி கிடைப்பது கடினம். ஆகவே அதில் உள்ள அறிவு ஒரு கேள்வி, அனுமதி இன்னொரு கேள்வி, அதனால் வரும் தீங்கு மூன்றாவது கேள்வி. இந்த மூன்றையும் தனித்தனியே கேட்க முடியும், கேட்கவும் வேண்டும். ‘ஹேக்கிங்’ என்ற சொல்லின் வரலாற்றில் நிகழ்ந்ததெல்லாம், இந்த மூன்றும் ஒரே சொல்லுக்குள் விழுந்து ஒட்டிக்கொண்டதுதான்.

சொல் முதலில் தூய்மையாக இருந்தது, செய்தித்தாள்களே அதைக் கெடுத்துவிட்டன என்று கணினித் துறையினர் பலர் சொல்வதுண்டு. எனக்கும் அந்தத் துறையின்மேல் பற்று உண்டு. ஆனாலும் அந்தக் கூற்று முழு உண்மை அன்று. எம்.ஐ.டி.யின் மாணவர் பத்திரிகையே 1963 நவம்பர் 20 இதழில், ‘ஹேக்கர்கள்’ எனப்படுவோரின் செயலால் தொலைபேசி வசதிகள் பல குறைக்கப்பட்டதாக எழுதியது. ஹார்வர்டுக்கும் எம்.ஐ.டி.க்கும் இடையிலான இணைப்புகள் முழுவதையும் அவர்கள் அடைத்து வைத்ததாகவும், வெளியூர்களுக்குப் பேசிவிட்டுக் கட்டணத்தை வேறோர் அமைப்பின் தலையில் ஏற்றியதாகவும் அச்செய்தி கூறுகிறது. அதாவது சொல் பிறந்த அதே வளாகத்தில், பத்தாண்டு ஆவதற்குள், அதே மாணவர் கூட்டத்தின் மொழியிலேயே, கொத்தனாரோடு பாம்பும் வந்து சேர்ந்துவிட்டது.

உலகம் முழுவதற்கும் பாம்பு மட்டுமே தெரியத் தொடங்கிய ஆண்டு 1983. அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த சில இளைஞர்கள், தங்கள் ஊரின் தொலைபேசிக் குறியீடான 414 என்பதையே குழுப்பெயராக வைத்துக்கொண்டு, லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடம், நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை முதலிய இடங்களின் கணினிகளுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் கையாண்ட முறை பெரிய வித்தை ஒன்றும் அன்று: கணினி வந்தபோது கூடவே வந்த கடவுச்சொற்களைப் பல இடங்களில் யாரும் மாற்றாமல் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தச் செப்டம்பரில் நியூஸ்வீக் இதழின் அட்டையில் இடம்பெற்றார். அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. 1986-இல் கணினி மோசடிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதே 1983 செப்டம்பரில்தான், எம்.ஐ.டி. செயற்கை அறிவுக் கூடத்தைச் சேர்ந்தவரும் தம்மைப் பெருமையோடு ஹேக்கர் என்று அழைத்துக்கொள்பவருமான ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் கற்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய க்னூ மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். இன்று உலகெங்கும் சர்வர்களில் ஓடும் லினக்ஸ் அமைப்புகளில் அந்த உழைப்பு கலந்திருக்கிறது. ஆயினும் மக்கள் மனத்தில் சொல்லோடு ஒட்டியது அந்தப் பத்திரிகை அட்டைதான்.

சொல்லைக் காப்பாற்ற அத்துறையினர் முயன்றார்கள். உடைத்துப் புகுபவனைக் ‘கிராக்கர்’ என்று அழையுங்கள், எங்களை விட்டுவிடுங்கள் என்று 1980-களின் நடுவிலிருந்தே கேட்டுக்கொண்டார்கள். இணையச் சொற்களுக்கென்று 1993 ஜனவரியில் வெளியான ஆர்.எப்.சி. 1392 என்ற ஆவணம், ஓர் அமைப்பின் உட்செயல்பாட்டை நெருங்கி அறிவதில் மகிழ்ச்சி கொள்பவரே ஹேக்கர் என்று வரையறுத்து, இழிபொருளில் அதைக் கையாள்வது பிழை என்றும், அங்கே கிராக்கர் என்பதே சரி என்றும் எழுதியது. அந்த முயற்சி தோற்றது. பிறகு வெள்ளைத் தொப்பி, கறுப்புத் தொப்பி என்ற அடைமொழிகளும் ‘எத்திக்கல்’ என்ற முன்னொட்டும் வந்தன. மேற்கத்திய கௌபாய் படங்களில் நல்லவன் வெள்ளைத் தொப்பியும் கெட்டவன் கறுப்புத் தொப்பியும் அணிந்து வரும் மரபிலிருந்து எடுத்த உருவகம் இது. கொத்தனாருக்கு முன்னால் ‘நல்ல நோக்கமுள்ள’ என்று யாரும் சேர்ப்பதில்லை. ஹேக்கருக்கு முன்னால் அப்படிச் சேர்க்க வேண்டியிருப்பதே, அடைமொழி இல்லாதபோது அச்சொல் எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதற்குச் சான்று.

நம் நாட்டுச் சட்டத்தில் இச்சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் கவனத்துக்குரியது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பிரிவு 66-க்குத் தலைப்பே ‘கணினி அமைப்பை ஹேக் செய்தல்’ என்பதுதான். ஆனால் அப்பிரிவு வரையறுத்த குற்றத்தில், அனுமதியின்றி உள்ளே நுழைவது என்ற கூறே இல்லை. பிறருக்கு இழப்போ சேதமோ விளைவிக்கும் எண்ணத்தோடு, அல்லது விளையும் என்று தெரிந்தே, கணினியில் உள்ள தகவலை அழிப்பதும் மாற்றுவதும் அதன் மதிப்பைக் குறைப்பதுமே ஹேக்கிங் என்றது சட்டம். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதியின்றி நுழைவதோ பிரிவு 43-இல், இழப்பீடு மட்டும் தரவேண்டிய செயலாகத் தனியே இருந்தது. ஊர் ‘உள்ளே புகுந்தான்’ என்ற பொருளில் பேசியது. சட்டம் ‘அழித்தான்’ என்ற பொருளில் பேசியது. நீதிமன்றத்தில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரு பொருளில் வாதாடும் நிலைக்கு இதில் இடம் இருந்தது.

2008-இல் நிறைவேறி 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அப்பிரிவிலிருந்து ‘ஹேக்கிங்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது. தலைப்பு ‘கணினி தொடர்பான குற்றங்கள்’ என்றாயிற்று. பிரிவு 43 பட்டியலிடும் செயல்களை, அதாவது உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் நுழைவது, தரவை எடுப்பது, வைரஸைப் புகுத்துவது போன்றவற்றை, நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணத்தோடு செய்தால் குற்றம் என்று மாற்றப்பட்டது. அபராத வரம்பு 5 லட்சமாக உயர்ந்தது. பிறருடைய கடவுச்சொல்லையோ மின்கையொப்பத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவதற்கு 66சி, கணினி அல்லது தொலைபேசி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66டி என்று தனிப் பிரிவுகள் வந்தன. சட்டத்தை வகுத்தவர்கள் நல்ல காரியம் செய்தார்கள் என்றே நான் கருதுகிறேன்: பெயரை விட்டுவிட்டுச் செயலைப் பிடித்தார்கள். 2017 முதல் மத்திய அரசே ‘ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்’ என்ற பெயரில் மாணவர் போட்டி நடத்துவது, அந்தச் சொல் குற்றப் பிரிவின் தலைப்பில் இல்லாத காலத்தில் நடக்கிறது.

பெயரை விட்டுச் செயலைப் பார்க்க வேண்டியதன் காரணத்தை ஒரு மனிதரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டும். 2017 மே 12 அன்று, வானாக்ரை என்ற பணயத் தீம்பொருள் பல நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளின் சேவைகள் நிலைகுலைந்தன. அந்த நிரலைப் பிரித்துப் படித்த மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டிஷ் இளைஞர், யாரும் பதிவு செய்திராத ஓர் இணைய முகவரியை அது தேடிக்கொண்டிருப்பதைக் கண்டு, அந்த முகவரியைத் தாமே பதிவு செய்தார். அம்முகவரி பதில் சொன்னால் நின்றுவிடும்படி அது எழுதப்பட்டிருந்ததால் பரவல் நின்றது. மூன்று மாதத்தில், ஆகஸ்டில், அதற்கு முன் வங்கிக் கணக்குத் தகவல்களைத் திருடும் தீம்பொருளை எழுதியதற்காக அமெரிக்காவில் அவர் கைது செய்யப்பட்டார். 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி அவருக்கு மேற்கொண்டு சிறை விதிக்கவில்லை. இரண்டு செயலிலும் இயங்கியது ஒரே அறிவு, ஒரே கை. அவரை ஹேக்கர் என்று சொல்வதால் நமக்குத் தெரியவருவது ஒன்றுமில்லை. எந்த ஆண்டில், எந்த நிரலை, யாருடைய நன்மைக்காக என்று கேட்டால்தான் ஏதாவது தெரியவரும்.

தமிழில் நாம் இச்சொல்லை எப்படிக் கையாள்கிறோம்? செய்தித்தாள்களில் ‘இணையதளம் முடக்கம்’, ‘ஹேக்கர்கள் கைவரிசை’ என்று வருகின்றன. முடக்கம் என்பது பலவற்றுக்குப் பொருந்தாது. உள்ளே நுழைந்து தரவை எடுத்துப் போனவன் தளத்தை முடக்குவதில்லை, அது ஓடிக்கொண்டிருப்பதுதான் அவனுக்கு வேண்டும். அனுமதியில்லாத நுழைவுக்கு ‘ஊடுருவல்’ என்பது மிகப் பொருத்தமான சொல். அதைத் தயங்காமல் ஆளலாம். கணினித் தமிழில் சிலர் ‘கொந்தர்’, ‘கொந்துதல்’ என்று எழுதுகிறார்கள். கொத்து என்பதன் உறவுச் சொல்லைத் தேடிப் பிடித்தவர்களின் காதை நான் மதிக்கிறேன். ஆனால் அது புழக்கத்தில் வேர்கொள்ளவில்லை. சமையல் காணொளிகளில் வரும் ‘கிச்சன் ஹேக்’ என்பதற்கோ நம் பாட்டிமார் காலத்திலிருந்தே கைப்பக்குவம் என்ற சொல் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, நம் தெருக்களில் ஏமாற்றப்பட்டவர்கள் எல்லாரும் தங்களுக்கு நேர்ந்ததை ‘ஹேக்’ என்று சொல்வதுதான். அந்தச் சொல்லைச் சொன்னவுடன், எங்கோ இருட்டறையில் அமர்ந்த மகா வித்தைக்காரன் ஒருவன் தன் கைப்பேசிக்குள் காற்றுபோல் புகுந்துவிட்டான், தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது, இனியும் ஒன்றும் செய்ய முடியாது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தார். சிம் கார்டை உடைத்துப் போடலாமா என்றுகூடக் கேட்டார்.

நான் அவரை உட்கார வைத்து, அன்று காலையிலிருந்து என்னென்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாத்தனார் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது: ‘அண்ணி, தவறுதலாக உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும், அனுப்புங்கள்’ என்று. வந்திருந்தது, அனுப்பிவிட்டார். நாத்தனாரின் கணக்கு அதற்கு முன்பே வேறொருவன் கையில் போயிருந்தது அவருக்குத் தெரியாது. அந்த ஆறு எண், அக்காவின் வாட்ஸ்ஆப்பை வேறொரு கைப்பேசியில் திறப்பதற்கான சாவி. யாரும் எதையும் உடைக்கவில்லை. உறவு முறை சொல்லிக் கேட்டான், இவர் கொடுத்தார். இது ஆள்மாறாட்டம், ஏமாற்று. வித்தை இதில் மிகக் குறைவு, குரூரம் மிகுதி.

என்ன நடந்தது என்று தெரிந்ததும் என்ன செய்வது என்பதும் தெரிந்தது. அவர் கைப்பேசியில் வாட்ஸ்ஆப்பை மறுபடி நிறுவி, அவருடைய எண்ணையே கொடுத்து, புதிதாக வந்த ஆறு இலக்க எண்ணை இட்டவுடன் அந்தத் திருடன் வெளியே தள்ளப்பட்டான். இரட்டைச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணை (PIN) அவன் வைத்துவிட்டுப் போயிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். அவன் வைக்கவில்லை, நாங்கள் வைத்தோம். தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொன்னோம். அதற்குள் அவருடைய தம்பி மனைவி ஐயாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார். பணம் போனவர் அவர் என்பதால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அவரையே அழைக்கச் சொன்னோம்.

பிறகு காவல் நிலையத்தில் கொடுக்க மனு எழுத உட்கார்ந்தோம். அவருடைய மகள்தான் எழுதினாள். ‘எனது வாட்ஸ்ஆப் ஹேக் செய்யப்பட்டது’ என்று முதல் வரியை எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த வரியால் விசாரிப்பவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை என்றேன். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண்ணிலிருந்து, என்ன வார்த்தை என்று கேட்டு எழுதச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தானே கொடுத்தேன் என்று எழுதினால் தன்மீது பழி வருமோ என்ற கூச்சம் அவர் முகத்தில் தெரிந்தது. ஏமாற்றப்படுவது குற்றமில்லை, ஏமாற்றுவதுதான் குற்றம், அதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது என்று சொன்னபின், மகளிடமிருந்து தாளை வாங்கி, அந்த முதல் வரியைத் தானே அடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்: “காலைல ஒம்பது மணிக்கு மாவு கரைச்சினு இருந்தேன். என் நாத்தனார் நம்பர்ல இருந்து ஒரு மெசேஜ் வந்துச்சு. இத அப்படியே எழுதுடி.”